பெயர் வெட்டும் நாளும் இளைப்பாறும் நாளும்

தமிழிலே 'இளைப்பாறுதல்' என்பது ஓர் அழகிய சொல். இளைப்பு என்றால் களைப்பு. ஆறுதல் என்றால் தணிதல். வெயிலிலே நெடுவழி நடந்தவன் மரநிழலில் அமர்ந்து இளைப்பாறுகிறான். இச்சொல்லையே இலங்கைத் தமிழர் உத்தியோகத்திலிருந்து வயது காரணமாக விலகுவதற்கும் வழங்கி வருகின்றனர். 'இளைப்பாறிய தலைமையாசிரியர்' என்றும், 'இளைப்பாறிய தபாலதிபர்' என்றும் திருமண அழைப்பிதழ்களில் அச்சிடுகிறோம். மரண அறிவித்தல்களிலும் வாசிக்கக் கேட்கிறோம். வேலை நின்ற பின்னரும் வேலையால் வந்த மதிப்பு நிற்கவில்லை. அது ஒரு பட்டம்போல அவரது பெயரோடு சேர்ந்தே வருகிறது.

ஆயின் 'இளைப்பாறிய கொழுந்து பறிப்பவர்' என்று எவரேனும் எழுதக் கண்டதுண்டா? தலவாக்கலையிலிருந்து புறப்படும் பாதை லிந்துலையையும் அக்கரப்பத்தனையையும் கடந்து, ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்திலுள்ள டயகமவை அடைகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரம். காலையிலே மூடுபனி, மாலையிலே குளிர், ஆண்டின் பெரும்பகுதி மழை. அச்சரிவுகளிலே முப்பது, நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்த ஒரு பெண் வேலையிலிருந்து விலகும்போது, அவர் இளைப்பாறினார் என்று தோட்டத்திலே சொல்வதில்லை. 'பெயர் வெட்டியாயிற்று' என்றுதான் சொல்வர்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஆறுதலைக் குறிக்கிறது. மற்றொன்று நீக்கத்தைக் குறிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வாறு ஏற்பட்டது, அதனைக் குறைக்க இயலுமா என்பதையே இன்று ஆராய எண்ணுகிறேன்.

முதலில் அந்தப் 'பெயர்' என்பது யாது எனப் பார்ப்போம். தோட்டத்திலே நாளாந்த வருகையைப் பதியும் பேரேட்டுக்குச் செக்றோல் என்று பெயர். விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படும். முழுநாள் வேலையைச் செய்து முடித்தவருக்கு ஒரு 'பேர்' விழும். குறைவாகச் செய்தவருக்கு 'அரைப்பேர்'தான். ஆகவே தோட்டத்திலே பேர் என்பது ஆளைச் சுட்டும் சொல்லாக மட்டும் நின்றுவிடவில்லை. அது நாட்சம்பளத்தின் அளவுமாயிற்று. அத்துடன் லயத்திலே ஒரு காம்பரா, தோட்ட மருந்தகத்திலே மருந்து, பண்டிகை முற்பணம் ஆகிய யாவும் அந்தப் பெயரையே பற்றி நின்றன. தொழிற்சங்கச் சந்தாவுங்கூடச் சம்பளத்திலேயே கழிக்கப்படுவதால், செக்றோலிலிருந்து பெயர் நீங்கினால் சங்கத்தின் பட்டியலிலிருந்தும் அது நீங்கிவிடுகிறது. ஒரு கோடு எத்தனை நூல்களை ஒருங்கே அறுக்கிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

வயது முதிர்ந்தோர் கடும் உழைப்பை விட்டு அமர்வது எந்நாளும் உள்ள வழக்கமே. ஆனால் குறித்த வயதிலே, குறித்த தொகையோடு, சட்டத்தின் ஆணைப்படி விலகுவது என்ற ஏற்பாடு மிகவும் இளையது. ஜெர்மனியிலே பிஸ்மார்க்கின் ஆட்சிக்காலத்தில், 1889 ஆம் ஆண்டு, தொழிலாளருக்கான முதுமைக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. எழுபது வயதை அடைந்தவருக்கே அதன் பயன் கிடைத்தது. 1916 ஆம் ஆண்டிலேதான் அவ்வயது அறுபத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. பிரித்தானியா 1908 ஆம் ஆண்டிலே சட்டம் இயற்றி, மறு ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து எழுபது வயதான வறியோருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை வழங்கத் தொடங்கியது.

இலங்கையிலே கதை வேறு. இங்கு முதலில் நினைக்கப்பட்டவர் தொழிலாளி அல்லர், உத்தியோகத்தரே. அரசாங்க ஊழியரின் விதவைகளுக்கும் அநாதைகளுக்குமான நிதி 1898 ஆம் ஆண்டின் சட்டத்தால் உண்டாயிற்று. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு 1901 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கச்சேரி எழுதுவினைஞர் தம் மேசையை விட்டு எழுந்த பின்னரும் மாதந்தோறும் 'உபகாரச் சம்பளம்' பெறலாம் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. அதே காலத்தில், கச்சேரிக்கு வருவாய் தந்த தேயிலை மலைகளிலே முதுமைக்கு எந்தக் குறிப்பும் எழுதப்படவில்லை.

மலையகத்தின் வரலாற்றை ஓய்வு என்ற ஒரு கண்கொண்டு மட்டும் நோக்குவோமாயின் மூன்று காலங்கள் புலப்படும்.

முதலாவது கோப்பிக் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி மக்கள் நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் மிஞ்சியவர்களுள் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். அக்காலத் தொழிலாளிக்கு ஓய்வு என்றால், அடுத்த பருவத்துக்குப் புறப்படாமல் சொந்த ஊரிலேயே தங்கிவிடுவதாகும். முதுமையின் சுமையை இராமநாதபுரத்துக் கிராமம் ஏற்றது. உழைப்பின் பயனைக் கண்டித் தோட்டம் பெற்றது.

இரண்டாவது தேயிலைக் காலம். 1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டிலே இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை பரந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கு அது இல்லை. ஆண்டு முழுதும் கொழுந்து தளிர்க்கும். ஆண்டு முழுதும் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களிலே குடியமர்ந்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தனர். ஊர் என்பது பாட்டியின் பேச்சிலே மட்டும் எஞ்சியது.

ஊர் தேய்ந்து மறையவே, முதுமைக்குப் புகலிடமும் மறைந்தது. கங்காணியின் கடனோ நிலைத்து நின்றது. தொழிலாளி மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால், அவரது கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். அத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. 1923 ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்ந்த தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் பின் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி கண்டியிலே அமர்ந்தார். நோயுற்றோரையும் ஆதரவற்றோரையும் இலவசமாக இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடும் அக்காலத்தில் இருந்தது. உழைக்க இயலாதவருக்கு அன்றைய ஆட்சி கண்ட தீர்வு கப்பலே என்பதைக் கவனத்திற் கொள்ளுங்கள். இதனைப் பின்னர் மீண்டும் காண்போம்.

1927 ஆம் ஆண்டிலே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1929 ஆம் ஆண்டு முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்சம்பளம் விதிக்கப்பட்டது. சட்டத்தின் கண்ணுக்கு மூவகை மனிதர் தெரிந்தனர்: ஆண், பெண், சிறுவர். நான்காவது வகையினராகிய முதியோர் தெரியவில்லை. உழைப்பின் தொடக்கத்துக்கு விலை குறித்த சட்டம், உழைப்பின் முடிவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை.

அப்படியானால் முதியோர் என்ன செய்தனர்? அவர்கள் நின்றுவிடவில்லை; சரிவிலிருந்து சற்றே கீழிறங்கினர். கூடை சுமக்க இயலாத பெண் பிள்ளைமடுவத்திலே தொட்டில் ஆட்டினார். கவ்வாத்துக் கத்தி பிடிக்க இயலாத ஆண் காவலுக்கு நின்றார். அல்லது லய வாசலைக் கூட்டினார். வேறொருவர் மலையிலுள்ளோருக்குத் தேநீர் சுமந்தார். சம்பளம் குறைந்தது, ஆயினும் பெயர் செக்றோலிலே நின்றது. இதனைக் கருணை என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. மலிவான கையொன்று தோட்டத்துக்குக் கிடைத்தது என்பதும் உண்மையே. எனினும் அந்தப் பழைய வழக்கத்தில் ஓர் அறிவு பொதிந்திருந்தது. மனிதனின் ஆற்றல் ஒரே நாளில் அணைந்துவிடும் விளக்கன்று. அது சிறிது சிறிதாகக் குறைவது. அதற்கேற்ப வேலையும் குறையலாம் என்பதே அந்த அறிவு.

மூன்றாவது காலம் சட்டத்தின் காலம். 1931 ஆம் ஆண்டிலே ஹட்டனில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியது முதல் தொழிற்சங்கங்கள் கேட்டு வந்த பாதுகாப்புகளுள் ஒன்று, 1958 ஆம் ஆண்டிலே ஊழியர் சேமலாப நிதிச் சட்டமாக உருப்பெற்றது. அப்போது தொழில் அமைச்சராக இருந்தவர் டி. பி. இலங்கரத்ன. இச்சட்டத்தின் 15 ஆம் இலக்கத்தை நமது தொழிலாளர் மறக்கலாகாது. தொடக்கத்தில் தொழிலாளி நூற்றுக்கு நான்கும், முதலாளி நூற்றுக்கு ஆறும் செலுத்தினர். இன்று அவை முறையே எட்டும் பன்னிரண்டுமாக உயர்ந்துள்ளன. ஆணாயின் 55 வயதிலும், பெண்ணாயின் 50 வயதிலும், வேலையிலிருந்து விலகி அப்பணத்தைப் பெறலாம். பின்னர் 1980 ஆம் ஆண்டிலே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும், 1983 ஆம் ஆண்டிலே பணிக்கொடைச் சட்டமும் வந்தன.

இவை பெரும் பேறுகள் என்பதில் ஐயமில்லை. கையில் ஒரு காசுமின்றி விலகிய தலைமுறையை நினைத்தால் இவற்றின் அருமை விளங்கும். ஆயினும் இவற்றின் அமைப்பை நுணுகி நோக்க வேண்டும். உத்தியோகத்தருக்குக் கிடைப்பது மாதந்தோறும் வருவது, உயிருள்ளவரை வருவது. தொழிலாளிக்குக் கிடைப்பது ஒருமுறை வருவது, கொடுத்ததோடு முடிவது. முன்னது ஊற்று, பின்னது குடத்து நீர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் பணிக்கொடையாகும். 2021 ஆம் ஆண்டிலே நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று. அவ்வாயிரம் ரூபாவைக் கடைசிச் சம்பளமாகப் பெற்று, முப்பது ஆண்டுச் சேவையோடு ஒருவர் விலகினார் என்று கொள்வோம். பதினான்காயிரத்தை முப்பதால் பெருக்கினால் நான்கு இலட்சத்து இருபதாயிரம் ரூபா. கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றும். மாதம் பதினையாயிரம் ரூபா வீதம் செலவிட்டால் இருபத்தெட்டு மாதங்களில் அது தீர்ந்துவிடும். மகளின் திருமணமோ, காம்பராவின் கூரையோ, அடகிலுள்ள நகையோ குறுக்கே வந்தால் இருபத்தெட்டு வாரமும் தாங்காது. சேமலாப நிதியின் தொகையும் இதனோடு சேரும் என்பது மெய்யே. ஆனால் அதுவும் சம்பளத்தின் நிழல். சம்பளம் சிறிதாயின் நிழலும் சிறிதாகும். தோட்டத்திலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் 1984 ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதற்கு முன் உழைத்த பெண்களின் குறைந்த கூலி, அவர்களது முதுமைக் கணக்கிலும் குறைவாகவே பதிந்தது.

அத்தொகையைப் பெறுவதற்கும் ஒரு தடை இருந்தது. பிறப்புப் பதிவிலே ஒரு பெயர். செக்றோலிலே கணக்கப்பிள்ளை எழுதிய வேறொரு பெயர். அடையாள அட்டையிலே மூன்றாவது பெயர். ஒரெழுத்து வேறுபட்டாலும் கையெழுத்திட வேண்டிய உத்தியோகத்தர் தயங்குவார். நாடற்றவர் என்று பல்லாண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்த மக்களிடம் ஆவணங்கள் எவ்வாறு ஒழுங்காக இருந்திருக்கும்? அரசின் நிருவாகத்திலிருந்த தோட்டங்கள் சிலவற்றிலே சேமலாப நிதியும் பணிக்கொடையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையாகக் கிடந்தமை பாராளுமன்றம் வரை சென்ற செய்தியாகும். பெயரை வெட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். அந்தப் பெயருக்குரிய பணத்தைப் பெறுவதற்குப் பல பயணங்கள் வேண்டும்.

நேயர்களே, கப்பலைப் பற்றி மீண்டும் காண்போம் என்று சொன்னேன். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் கண்டது. இந்த எண்களைப் பலர் அறிவர். அவ்வொப்பந்தத்திலுள்ள மற்றொரு வாசகத்தை அறிந்தோர் சிலரே. இந்தியாவுக்குச் செல்ல வேண்டியவர்கள், தமது முறை வரும்வரை அல்லது 55 வயது ஆகும்வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை வேலையிலே தொடரலாம் என்பது அது. சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டு செல்லலாம் என்றும் அதில் கூறப்பட்டது.

இதன் பொருள் யாது? சேமலாப நிதிச் சட்டத்திலே 55 என்பது ஆணின் ஓய்வு வயது. இங்கே நாட்டை நீங்கும் பயணத்தோடு பிணைக்கப்பட்ட வயதாகவும் அது ஆயிற்று. ஓய்வுக்கென்று வகுத்த பணம் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் பயணத்தின் கைச்செலவாயிற்று. 1974 ஆம் ஆண்டிலே எஞ்சிய 1,50,000 பேரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1984 ஆம் ஆண்டிலே கப்பல் நின்றது. அதற்குள் இலட்சக்கணக்கானோர் சென்றுவிட்டனர். சென்றவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலை தரும் பொருட்டு, நீலகிரியிலே தமிழ்நாட்டு அரசு 1968 ஆம் ஆண்டு முதல் தேயிலைத் தோட்டங்களை வளர்த்தது. டான்டீ என வழங்கும் நிறுவனம் அதன் பேறு. டயகமவிலே கற்ற கொழுந்து பறிக்கும் கலை, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கிற்று. ஐம்பது வயதை எட்டியவருக்கு இளைப்பாறும் காலத்திலே புது மலை ஏறும் விதி.

இவர்கள் சென்று சேர்ந்த நாட்டில் முதுமை பற்றிய வேறொரு சிந்தனை அப்போதே முளைத்திருந்தது. காமராசர் ஆட்சியிலே, 1962 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், சென்னை மாநிலம் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் இருபது ரூபா வழங்கத் தொடங்கியது. கேரளம் 1980 ஆம் ஆண்டிலே விவசாயத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபா ஓய்வூதியம் அளித்தது. தொகை சிறிது, கருத்து பெரிது. உழைத்த முதலாளியின் பெயரைக் கேளாமல், உழைத்த மனிதனைப் பார்த்து மாதந்தோறும் கொடுக்கும் முறை அது. இலங்கையிலும் உழவருக்கு 1987 ஆம் ஆண்டிலும், மீனவருக்கு 1990 ஆம் ஆண்டிலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. தோட்டத் தொழிலாளிக்கென்று அத்தகைய மாதாந்த ஏற்பாடு எழவில்லை. 'அவருக்குச் சேமலாப நிதி இருக்கிறதே' என்ற விடையே போதுமென்று கருதப்பட்டது.

பணத்தைவிட ஆழமான சிக்கல் வீடு. கச்சேரி உத்தியோகத்தர் இளைப்பாறும்போது தம் சொந்த வீட்டுக்குச் செல்கிறார். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் வேலைத்தலமும் ஒன்றே. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் அந்தக் காம்பரா அவருக்குச் சொந்தமன்று, தோட்டத்துக்கு உரியது. மகனோ மருமகளோ செக்றோலிலே பெயர் பதிந்திருந்தால் குடும்பம் அங்கே நிலைக்கும். இவ்வாறு முதியவரின் கூரை இளையவரின் கூடையில் தங்கியிருக்கிறது. கொழும்புக்குக் கடைவேலைக்குப் போக விரும்பும் மகனைத் தடுப்பது சில வேளைகளில் தாயின் அன்பு மட்டுமன்று. கூரை பற்றிய அச்சமுமாகும்.

இந்த நிலை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா நிறுவனம் 1929 ஆம் ஆண்டிலே 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலை அது. குத்தகை 2028 ஆம் ஆண்டில் முடிய இருக்கும் நிலையில், 2024 ஆம் ஆண்டிலே அந்நிறுவனம் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அறிவித்து, அவர்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். அவர்கள் கேட்டது வேலை மட்டுமன்று, மண். வீடும் வேலையும் ஒரே முடிச்சாக இருக்குமிடத்தில், ஓய்வு என்பது வீட்டை இழக்கும் நாளாக மாறிவிடக்கூடும் என்பதற்கு மாஞ்சோலை சான்று.

இனி, பெயர் வெட்டிய பின் டயகம போன்ற தோட்டங்களிலே உண்மையில் நிகழ்வது யாது? முதியவர் அமர்ந்துவிடுவதில்லை. சிலர் நிரந்தரப் பதிவின்றி நாட்கூலிக்கு மீண்டும் அதே மலையிலே கொழுந்தெடுக்கின்றனர். சிலர் அயலிலுள்ள உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் தோட்டங்களிலே களை பிடுங்குகின்றனர். பெண்களின் நிலை இன்னும் தெளிவானது. தாய் மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ வேலைக்குச் சென்றிருப்பாள்; பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் பள்ளிக்கு அனுப்புபவர் பாட்டி. விறகும் நீரும் கொணர்பவரும் அவரே. செக்றோலிலே அவருக்கு ஒரு பேரும் விழுவதில்லை. ஆனால் அவர் ஒருநாள் படுத்துவிட்டால் அவ்வீட்டிலே இருவரின் வருமானம் நிற்கும். ஆகவே 'உழைப்பை நிறுத்தியவர்' என்று அவரைக் கணக்கிடுவது கணக்கின் பிழை.

இந்தச் சூழலில்தான் 2021 ஆம் ஆண்டு நவம்பரில், தொழிலாளரின் ஆகக்குறைந்த ஓய்வு வயது பற்றிய 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்போது 52 வயதுக்குக் குறைந்திருந்த தனியார்துறை ஊழியருக்கு 60 வயதுக்கு முன் கட்டாய ஓய்வு இல்லை. 52 முதல் 55 வரை இருந்தோருக்கு 59, 58, 57 எனப் படிப்படியாக வயது வகுக்கப்பட்டது. மேசையில் அமர்ந்து பணிபுரிவோருக்கு இது நன்மையே. டயகமச் சரிவிலே நிற்பவருக்கு? இங்கே விடை ஒரே சொல்லில் அமையாது. சம்பளமும் வீட்டுரிமையும் மேலும் ஐந்தாண்டு நீடிக்கின்றன, அது நலம். ஆனால் பதின்பருவத்திலே கூடை எடுத்த உடம்பு, மழையிலும் அட்டைக்கடியிலும் நாற்பது ஆண்டு நின்ற முழங்கால், அறுபது வரை அதே நிறைக்கணக்கைக் கொடுக்குமா? சட்டம் வயதை உயர்த்தியது. வேலையின் பளுவை வயதுக்கேற்பக் குறைக்கும் வழியைச் சொல்லவில்லை. பிள்ளைமடுவத்துத் தொட்டிலும் தோட்டக் காவலும் அளித்த பழைய படியிறக்கம், புதிய கணக்கேடுகளிலே இடம்பெறவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? ஓய்வு என்பதை ஒரு முடிவுத் தேதியாகவே இதுகாறும் எண்ணி வந்துள்ளோம். ஐம்பத்தைந்தா, அறுபதா என்று தேதியைப் பற்றியே வாதிடுகிறோம். என்னுடைய கருத்து வேறு. எது நிற்கிறது என்பதைக் கொண்டல்லாமல், எவை தொடர்கின்றன என்பதைக் கொண்டே ஓய்வை அளக்க வேண்டும். உத்தியோகத்தரின் ஓய்வு சிறந்ததாயிருப்பது அவருக்கு வேலை நின்றதால் அன்று. வருவாய் தொடர்கிறது; வீடு தொடர்கிறது; மதிப்பும் தொடர்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு உழைப்பு தொடர்கிறது. மற்ற மூன்றும் அறுகின்றன. அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குவதே செய்ய வேண்டிய வேலை.

அதற்கு முதற்படி வீட்டைச் செக்றோலிலிருந்து பிரிப்பது. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற கோரிக்கை அண்மை ஆண்டுகளிலே சில இடங்களில் நிறைவேறியுள்ளது. இந்திய அரசின் உதவியாலும் வீடுகள் எழுந்துள்ளன. காணி உறுதிப் பத்திரத்தில் முதியவரின் பெயரும், குறிப்பாகப் பெண்ணின் பெயரும், எழுதப்படுமாயின், ஒரேட்டில் வெட்டிய பெயர் மற்றோர் ஏட்டில் நிலைபெறும். இன்று தோட்டத்தில் வாழ்வோருள் தோட்டத்திலேயே வேலை செய்வோர் சிறுபான்மையினரே. எனவே வேலைக்கு வீடு என்ற பழைய பிணைப்பைத் தளர்த்துவது உண்மை நிலையை ஏற்பதேயாகும்.

இரண்டாம் படி, குடத்து நீரின் ஒரு பங்கையேனும் ஊற்றாக மாற்றுவது. இதற்கு ஒரு நியாயமான மறுப்புண்டு. 'பணம் எங்களுடையது; ஒரே தடவையில் வாங்கிக் கடனை அடைப்போம், வீடு கட்டுவோம்; மாதாமாதம் தருகிறோம் என்று அதனை எவரும் பிடித்துவைக்க வேண்டாம்' என்று தொழிலாளர் சொல்லக்கூடும். ஏமாற்றப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் அவ்வாறு அஞ்சுவதில் தவறில்லை. ஆகவே கட்டாயம் வேண்டாம், விருப்பம் இருக்கட்டும். சேமலாப நிதியில் கைவைக்காமல், அதற்கு மேலாக அரசும் கம்பனிகளும் சேர்ந்து ஒரு மாதாந்தத் தொகையை உண்டாக்குவது நேரிய வழி. உழவருக்கும் மீனவருக்கும் சட்டம் செய்யத் தெரிந்த நாட்டுக்கு இது அறியாத கலையன்று.

மூன்றாம் படிக்குச் சட்டமும் வேண்டியதில்லை. பணமும் அதிகம் வேண்டியதில்லை. எந்த மலையில் எப்போது கவ்வாத்து வெட்டலாம், எந்தச் செடியில் எந்தக் கணுவுக்கு மேல் கிள்ளலாம் என்பதைக் கையால் அறிந்தவர்கள் இவர்கள். தொழிற்சங்கங்கள் இளைப்பாறியோரையும் சந்தாவின்றி உறுப்பினராக வைத்திருக்கலாம். கோயிற் சபைகளும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் அவர்களை முன்வரிசையில் அமர்த்தலாம். அவர்கள் வீட்டு அழைப்பிதழ்களிலே 'இளைப்பாறிய கொழுந்து பறிப்பவர்' என்று பிள்ளைகள் கூசாமல் அச்சிடலாம். அவ்வாறு அச்சிடுவதற்குத் தடையாக நிற்பது எந்தச் சட்டமுமன்று. நமது மனத்திலுள்ள ஏற்றத்தாழ்வே.

இருநூறு ஆண்டுகளாக இந்நாட்டின் பொருள்வளத்தைத் தோளிலே சுமந்த மக்கள் இவர்கள். அவர்களது இளைப்பு பெரிது. அதனை ஆற்றுவதற்கு ஒரு நிழலும், ஒரு மாத வருவாயும், ஊராரின் மரியாதையும் கேட்பது இரத்தல் ஆகாது; சேர்த்துவைத்த கூலியைக் கேட்பதேயாகும்.